தலைகீழாக வந்தாலும் கணக்குதான்

நெவியோ ஸந்தனெல் பதினோரு வருடமாக இத்தாலிக்காகப் பனிக்கட்டித் தடத்தில் சறுக்கும் பாப்ஸ்லெட் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தான். இந்தச் செய்தி இத்தாலிக்கு எட்டவில்லை. வல்மோரா பள்ளத்தாக்கில் அவன் அக்கா மீர்னா நடத்தும் மதுக்கடைக்கு வருகிறவர்களிலேயே பாதிப் பேர், அவன் மலை லிஃப்டில் டிக்கெட் கிழிக்கிறவன் என்று நினைத்திருந்தார்கள்.

அவன் பார்த்த வேலையும் அப்படிப்பட்டது. இருவர் ஏறும் வண்டியில் முன்னால் உட்காருகிறவன் ஓட்டுபவன். பெயர், படம், பேட்டி எல்லாம் அவனுக்கு. பின்னால் இருப்பவன் மலையுச்சியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, தாவி ஏறி, தலையை முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொள்ள வேண்டும். தலையைத் தூக்கினால் காற்று பிடிக்கும், வேகம் போகும், கழுத்தும் போகலாம். ஆகப் பதினோரு வருடமாக நெவியோ பார்த்த விளையாட்டு என்பது, தன் கால்சட்டையின் முழங்கால் தையல்தான்.

முன்னால் உட்காருகிறவன் கெயோர்க் டிர்லர். பக்கத்து மாகாணத்தில் ஜெர்மன் பேசுகிற ஊர்க்காரன். வார்த்தைகளை ரேஷனில் வாங்கியவன்போல் செலவழிப்பான்.

அந்த ஜனவரியில் வல்மோராவில் நடந்த ஒரு சில்லறைப் பந்தயத்தில், ஒன்பதாம் வளைவில் வண்டி சுவரேறிக் கவிழ்ந்தது. கவிழ்ந்த வண்டி நிற்காது. மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில், சக்கரமில்லாத சவப்பெட்டிபோல, உள்ளே இருக்கிறவர்களின் தலைகளைப் பனிக்கட்டியில் தேய்த்துக்கொண்டு கீழே போகும். நெவியோவின் வலது தோளில் முதலில் உடை கிழிந்தது, பிறகு தோல் கிழிந்தது, பிறகு தோலுக்கு அடியில் இருந்தது கிழிந்தது. பனிக்கட்டி சுடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. வண்டி தலைகீழாக வந்தாலும், ஏறிய இருவரும் உள்ளேயே இருந்து கோட்டைத் தாண்டிவிட்டால் அந்த ஓட்டம் செல்லும். கோட்டைத் தாண்டி வண்டி நின்றதும் நெவியோ வெளியே தவழ்ந்து வந்தான். மூக்கிலிருந்து ரத்தம் தாடைக்கு இறங்கியது. இடது கையின் இரண்டு விரல்கள் மற்ற விரல்களோடு உடன்படாத திசையில் நின்றன. ஓடிவந்த செவிலியிடம் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கணக்குல வந்துச்சா?"

வந்தது, பதினேழாவது இடம் என்று அவள் சொன்னாள். அவன் இரண்டு கைகளையும் தூக்கி ஆனந்தப்பட்டான். உடனே அவள் மடியில் வாந்தி எடுத்தான்.

மறுநாள் காலைக்குள் அந்தக் காட்சியை இணையத்தில் எண்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நேப்பிள்ஸில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர்கள் எழுந்து "கணக்குல வந்துச்சா?" என்று கேட்டார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் கேட்டார்கள். நாடாளுமன்றத்தில் நாற்காலி வீசிக்கொண்ட இரண்டு உறுப்பினர்களில் அடிபட்டவர் கேட்டார். நெவியோவின் சமூக வலைப் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் முந்தின நாள் நூற்றுப்பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் அவன் அக்கா வெவ்வேறு பெயர்களில். இப்போது பத்து லட்சம்.

தேசியப் பனிவண்டிச் சம்மேளனத்தின் தலைமையகம் ரோமில் இருந்தது. ரோமில் பனி பெய்வது அபூர்வம் என்பது நிர்வாகத்தை ஒருபோதும் பாதித்ததில்லை. தலைவர் ஆத்திலியோ பொஸெத்தி நாற்பது வருடமாகத் தலைவர். வண்டியில் ஒருமுறையும் ஏறியதில்லை. வண்டிகளுக்கு ரிப்பன் வெட்டியிருக்கிறார். அவர் அறைச் சுவரில் சம்மேளனம் வென்ற பதக்கங்களுக்காக ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. அதில் அவர் கோல்ஃப் கோப்பைகளை வைத்திருந்தார், காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று.

கையில் கட்டோடு நெவியோவும், காதில் தையலோடு கெயோர்க்கும் அங்கே வரவழைக்கப்பட்டார்கள். தலைவர் எழுந்து நின்று பேசினார். அறையில் இருந்தது ஐந்து பேர்தான் என்றாலும் மைக் வைத்திருந்தார்.

"நாப்பது வருஷமா ஜெயிக்கணும் ஜெயிக்கணும்னு தப்பான வழியில போயிட்டோம். எத்தனை பயிற்சியாளர், எத்தனை வண்டி, எத்தனை ஹெல்மெட். அத்தனையும் வீண். ஜனங்களுக்கு வேணுங்கறது வெற்றி இல்ல, நம்ம பசங்களோட வேதனைதான்னு இந்தத் தம்பி ஒரே நாள்ல புரியவெச்சுட்டான். இதை முன்னாடியே சொல்லியிருந்தா, பாதுகாப்புக்குன்னு நான் ஒரு பைசா செலவழிச்சிருக்க மாட்டேன்."

தகவல் தொடர்பு அதிகாரி ஒர்ஸொலா பெல்லி கைதட்டினாள். அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்யக் கூடியவள், கைதட்டும்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒன்று: பின்னிருக்கைக்காரர் இனித் தலை குனியக் கூடாது, முகம் கேமராவுக்குத் தெரிய வேண்டும். இரண்டு: பின்னிருக்கை இனி ஓட்டத்திறனைப் பொறுத்தது அல்ல. ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் சம்மேளன உறுப்பினர்களில் யாருக்குப் பின்தொடர்பவர்கள் அதிகமோ அவரே ஏற வேண்டும்; மறுப்பவர் உறுப்பினர் பதவியை இழப்பார். இந்த இரண்டாவது விதியைத் தலைவரே தன் கையால் எழுதினாராம். இளைஞர்களை ஊக்கப்படுத்தும் என்றார்.

நெவியோ தயங்கித் தயங்கித் தன் கழுத்தைப் பற்றிச் சொன்னான். ஸ்கேன் பார்த்த மருத்துவர், கழுத்து எலும்புகளுக்கு நடுவே இரண்டு தட்டுகள் நசுங்கிவிட்டன, இன்னொருமுறை கவிழ்ந்தால் கழுத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் வேறு யாராவதுதான் கழுவிவிட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்.

தலைவர் அன்போடு கேட்டுக்கொண்டார். "கழுத்து உன்னோடது, தம்பி. அதுல சம்மேளனம் தலையிடாது. ஆனா முகம் நாட்டோடது."

மீர்னா வேறு மாதிரி சொன்னாள். கடையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே, "விட்டுட்டு வந்து காப்பி போடுடா. இந்த மெஷின் கவிழாது," என்றாள்.

"மார்ச்சுல தேசியக் கோப்பை, நம்ம ஊர் மலையிலயே. ஒரே ஒரு தடவை, ரெண்டு இறக்கமும் நிமிர்ந்து வந்து ஜெயிச்சுட்டு விட்டுடறேன்க்கா."

"நிமிர்ந்து வந்தா எவன்டா பாப்பான்?"

 பதினோரு வருடமாக நெவியோ எவனும் பார்க்காமல்தான் வந்துகொண்டிருந்தான். அது அவனுக்குக் குறையாகப் பட்டதே இல்லை.

பிப்ரவரியில் ஆஸ்திரியப் பக்கத்தில் ஒரு பந்தயம். சுற்றறிக்கைப்படி நெவியோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் காற்று அவன் முகத்தைப் பிடித்துப் பின்னுக்கு வளைத்தது. எடை சாய்ந்தது, வண்டி ஆடியது. கெயோர்க் எப்படியோ சமாளித்து நேராக்கினான், கவிழவில்லை. ஆனால் சுவரில் மோதிய மோதலில் கெயோர்க்கின் தையல் பிரிந்து காது பாதி தொங்கியது. கீழே இறங்கியதும் அவன் அந்தக் காதைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒர்ஸொலாவைப் பார்த்து, அந்த வாரத்துக்கான வார்த்தைகள் மொத்தத்தையும் ஜெர்மனில் செலவழித்தான். அவள் அதையும் படம்பிடித்தாள். ஒலியை நீக்கிவிட்டு, அடியில் "சகோதர பாசம்" என்று போட்டாள்.

பிறகு விளம்பரக்காரர்கள் வந்தார்கள். ஒரு தொத்திறைச்சிக் கம்பெனி, உப்பிட்டு உலர்த்திய முழுப் பன்றித் தொடை ஒன்றைக் கயிற்றில் கட்டி, ஊஞ்சல்போல வீசி நெவியோவின் நெஞ்சில் மோதவிட்டது. அடி வாங்கி எழுந்து அவன் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். முதல் முறை வெளிச்சம் சரியில்லை. இரண்டாம் முறை தொடையில் கம்பெனி முத்திரை மறைந்துவிட்டது. ஏழாம் முறை விலா எலும்பு ஒன்று விட்டுக்கொடுத்தது. இயக்குநர் அதுதான் இயல்பாக வந்தது என்றார். மறுநாள் வலி தைலக் கம்பெனி வந்து அதே விலாவில் தைலம் தடவிப் படமெடுத்தது.

ரோம் சினிமாவில் சண்டைக்காட்சி அமைத்துக்கொண்டிருந்த ஒருவரைச் சம்மேளனம் 'கவிழ்தல் பயிற்சியாளர்' ஆக்கியது. அவர் முதல் வகுப்பில், பயமே கூடாது என்று காட்டுவதற்காகத் தானே ஐந்தாம் வளைவில் உருண்டு, இரண்டு கால்களையும் ஒடித்துக்கொண்டார். அதை வெறும் நானூறு பேர்தான் பார்த்தார்கள். ஈடுபாடு போதவில்லை என்று ஸ்ட்ரெச்சரில் இருக்கும்போதே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ரசிகர்கள் இன்னொரு தொல்லை. அன்பை அடித்துக் காட்டினார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒருத்தி தள்ளுவண்டியை அவன் குதிகாலில் ஏற்றிவிட்டுக் கைபேசியை நீட்டினாள். கடையில் உயர நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவனை இரண்டு இளைஞர்கள் நாற்காலியோடு சாய்த்தார்கள். மீர்னா கிராப்பா மதுப் பாட்டிலை அவர்களோடு பேசவிட்டு அனுப்பினாள். பெல்லூனோவில் ஒரு மாப்பிள்ளை, தன் திருமணத்தன்று மாதாகோயில் படிகளில் நெவியோ ஒருமுறை உருள வேண்டும், அது தாம்பத்தியத்துக்கு நல்லது என்று கெஞ்சினான். பெண் வீட்டாரும் கெஞ்சினார்கள்.

மார்ச் வந்தது. தேசியக் கோப்பைக்கு மூன்று வண்டிகள். இரண்டு இறக்கங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒன்பதாம் வளைவு எதிரே பார்வையாளர்கள் உட்காரப் புதிதாக இரும்புப் படிக்கட்டு எழுப்பி, அதற்குத் தனி டிக்கெட் போட்டிருந்தார்கள். அவை முதல் நாளே விற்றுப்போயின. எல்லைக் கோட்டுக்கு மேலே பெரிய திரையில் வண்டியின் நேரத்துக்குப் பக்கத்தில் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையும் ஓடியது. நேரத்தைவிட அது பெரிய எழுத்து.

பந்தயத்துக்கு முன் வீரர்கள் ஆணிச்செருப்போடு தடத்தில் நடந்து பார்ப்பது வழக்கம். ஒன்பதாம் வளைவின் வாயிலில் கெயோர்க் நின்றான். பனிக்கட்டியில், அவன் வழக்கமாக வண்டியை விடும் இடத்திலேயே, உள்ளங்கை உயரத்துக்கு ஒரு வரப்பு. செருப்பால் உதைத்துப் பார்த்தான். அசையவில்லை. நீர் தெளித்துத் தெளித்து, பொறுமையாக வளர்த்த வரப்பு. மேலே நின்ற தடப் பணியாளர்கள் மூவரும் ஒரே சமயத்தில் வானிலை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

"உத்தரவு," என்றான் அவர்களில் ஒருவன், கேட்காமலே.

வண்டியில் இன்னொன்று காத்திருந்தது. பின்னிருக்கையில் புதிதாக ஒரு இரும்புக் கம்பி, நெஞ்சுக்கு நேராக, நெவியோ குனிய முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் தைலக் கம்பெனியின் பெயர்.  நெவியோ பட்டறையிலிருந்து கனமான சுத்தியல் ஒன்றை எடுத்துவந்து, கம்பியை அடித்தான். உள்ளே விட்டுப்போயிருந்த விலா எலும்பு ஒவ்வொரு அடிக்கும் ஆட்சேபித்தது. ஏழெட்டு அடியில் கம்பி கையோடு வந்தது. கெயோர்க் அதை வாங்கிப் பனிக்குவியலுக்குள் எறிந்தான்.

"மேல போறேன்," என்றான் கெயோர்க். "வரப்புக்கு மேல, சுவரோட விளிம்புல. நீ ஒரு அங்குலம் அசைஞ்சேன்னா ரெண்டு பேரும் படிக்கட்டு மேலதான் இறங்குவோம்."

"அசைய மாட்டேன்."

"மூச்சும் விடாத."

தள்ளினார்கள், ஓடினார்கள், ஏறினார்கள். நெவியோ தலையை முழங்கால்களுக்கு நடுவே செருகினான். இருட்டு. இரும்பு பனியைக் கிழிக்கும் ஓசை. வளைவுக்கு வளைவு யாரோ மேலிருந்து ஒரு பீரோவை முதுகில் இறக்கி வைத்து எடுப்பதுபோன்ற அழுத்தம். எட்டாம் வளைவு முடிந்ததும் வண்டி ஏறத் தொடங்கியது, ஏறிக்கொண்டே இருந்தது. இருக்க வேண்டிய இடத்துக்கும் மேலே போய்விட்டது என்று பார்க்காமலே தெரிந்தது. பக்கவாட்டில் எதுவோ உரசித் தீப்பொறி பறந்த வாசம் வந்தது. அவன் மூச்சு விடவில்லை. பிறகு பீரோவை எடுத்துவிட்டார்கள். வண்டி நேராக ஓடியது. கோடு தாண்டியது.

தலை நிமிர்ந்து பார்த்தான். திரையில் அவர்கள் பெயர்தான் முதலில். இரண்டாவது வண்டியைவிட முழுதாக அரை விநாடி முன்னால். இந்த விளையாட்டில் அது ஒரு யுகம். இரண்டு கைகளாலும் கெயோர்க்கின் தலைக்கவசத்தைத் தட்டினான். அப்போதுதான் தன் தட்டலின் சத்தம் தனியாகக் கேட்பதைக் கவனித்தான்.

கூட்டம் அமைதியாக இருந்தது. திரையில் பெரிய எழுத்து எண் சரிந்துகொண்டிருந்தது: பத்து லட்சம், ஒன்பது, ஏழு. முதலில் ஒரு பனியுருண்டை வந்தது. பிறகு ஒரு கோப்பை, சூடான முட்டை மதுவோடு. பிறகு ரசிகர்கள் ஆட்டிக்கொண்டிருந்த மாட்டு மணிகள் வரத் தொடங்கின. ஒன்று கெயோர்க்கின் நல்ல காதில் பட்டது. வெரோனாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் தடுப்பைத் தாண்டிக் குதித்து, நெவியோவின் சட்டையைப் பிடித்து, தன் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுக்கொண்டே குத்தினார். காவலர்கள் அவரைப் பிரிக்கும்போது, நியாயம் அவர் பக்கம்தான் என்று அவர்களுக்கும் தோன்றியது, மெதுவாகத்தான் பிரித்தார்கள்.

தலைவர் பொஸெத்தி கோட்டுக்கு அருகே போட்டிருந்த மேடையிலிருந்து மைக்கைப் பிடித்தார். நெவியோவை மேடைக்கு இழுத்துக்கொண்டார்.

"நண்பர்களே, பொறுமை. விபத்துன்னா சில சமயம் நடக்காமலும் போயிடும். நாங்க பனிக்கட்டியில செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுதான் வெச்சோம். அதுல சம்மேளனத்து மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. இது தனிமனுஷத் தவறு. இன்னும் ஒரு இறக்கம் பாக்கி இருக்கு. நம்ம நெவியோ, உங்க நெவியோ, இந்தத் தடவை உங்களைக் கைவிட மாட்டான். அவன் கழுத்தைப் பத்தி டாக்டருங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், இது மறக்க முடியாத இறக்கமா இருக்கும்."

சொல்லிவிட்டு, இந்த நாட்டுப் பெரிய மனிதர்கள் சின்ன மனிதர்களிடம் பாசம் காட்டும் அந்தப் பழக்கப்படி, நெவியோவின் பின்கழுத்தைக் கொத்தாகப் பிடித்து அழுத்திக் குலுக்கினார்.

நசுங்கிய இரண்டு தட்டுகளுக்கும் நடுவே மின்னல் ஒன்று இறங்கியது. நெவியோ யோசித்துச் செய்ததல்ல. கை தானாகப் போனது. பதினோரு வருடம் இருநூறு கிலோ வண்டியைத் தள்ளிய கை. தலைவரின் பல்வரிசைக்கு நடுவில் அது போய் நின்றபோது, வால்நட் உடைக்கும் சத்தம் மைக் வழியாகப் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.

தலைவர் பின்புறமாக மேடைப் படியில் விழுந்து, அங்கிருந்து தடத்துக்குள் உருண்டு, மல்லாந்தபடி, கோட்டும் டையும் முகத்தை மூட, ரத்தத்தால் ஒரு நேர்கோடு இழுத்துக்கொண்டே சறுக்கி எல்லைக் கோட்டைத் தாண்டினார். கடிகாரம் தன் கடமைப்படி நின்றது. கூட்டத்தில் யாரோ ஒருவன் கேட்டான்: "கணக்குல வந்துச்சா?"

பத்தாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாற்பது வருடத்தில் தலைவருக்குக் கிடைத்த முதல் உண்மையான கைதட்டல் அது. முன்பற்கள் மூன்று இல்லாத வாயோடு, பனியில் கிடந்தபடியே அவர் ஒரு கையைத் தூக்கி அசைத்தார். ஒர்ஸொலா அதை மிக அருகிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவக் கூடாரத்தில் அவர் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவர் குழுத் தலைவர் தால்மாஸ் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தலைவர் பொஸெத்தியின் சொந்தப் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு லட்சமாகிவிட்டதாகவும், நெவியோ மூன்று லட்சத்துக்கு இறங்கிவிட்டதாகவும், தலைவர் அவர்கள் சம்மேளனத்தின் முதல் உறுப்பினர் என்பதால், இரண்டாவது இறக்கத்துக்கான பின்னிருக்கை சுற்றறிக்கைப்படி அவருடையது என்றும் தெரிவித்தார். மறுத்தால் உறுப்பினர் பதவி போகும். உறுப்பினர் அல்லாதவர் தலைவராக இருக்க முடியாது.

தலைவர் பஞ்சுக்கு நடுவிலிருந்து ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை.

"அந்த விதியில விலக்கு எதுவும் எழுதலையே நீங்க," என்றார் தால்மாஸ், வருத்தத்தோடு.

"நேரலையில அம்பது லட்சம் பேர் காத்திருக்காங்க, தலைவரே," என்றாள் ஒர்ஸொலா. அவர் அந்த எண்ணைக் கேட்டதும் தலைமுடியைக் கையால் கோதிக்கொண்டதை நெவியோ கூடார வாசலில் நின்று பார்த்தான்.

நெவியோவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. முதல் இறக்கத்தில் தான் சம்பாதித்த அரை விநாடி இனி யார் முதுகில் ஏறிப் போகும் என்று மட்டும் யோசித்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். வலித்தது. ஆனால் விரல்களுக்குக் கழுத்து தெரிந்தது, கழுத்துக்கு விரல்கள் தெரிந்தன.

மலையுச்சியில் தலைவரை நான்கு பேர் பிடித்து இறுக்கமான பந்தய உடைக்குள் ஏற்றினார்கள். அவரால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட முடியாது என்பது வெளிப்படை. தலைவர் பதவியின் கண்ணியம் கருதி, அவரை முதலிலேயே உட்காரவைத்து, தகுதியுள்ள வேறொருவர் தள்ளிவிடலாம் என்று அங்கேயே ஒரு தீர்மானம் போட்டார்கள். தகுதியுள்ளவர் அங்கே ஒருவன்தான் இருந்தான். நெவியோ வண்டிக்குப் பின்னால் போய் நின்றான்.

கீழே மணிகள் ஒலித்தன. ஒன்பதாம் வளைவில் வரப்பு அப்படியேதான் இருந்தது. கெயோர்க் முன்னால் ஏறி உட்கார்ந்து, இரண்டு காதுகளிலும் கட்டோடு, கண்ணாடியை இறக்கிவிட்டான். அதுவரை கேமராக்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்த தலைவர், முதல்முறையாகத் தன் முன்னால் பள்ளம் தொடங்கும் இடத்தைப் பார்த்தார். கையை இறக்கினார். உதட்டை நக்கிக்கொண்டார். பஞ்சைத் துப்பிவிட்டு, நாற்பது வருட நிர்வாகத்தில் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"தம்பி... பிரேக் எங்க இருக்கு?"

"உங்க காலுக்கு நடுவுல," என்றான் கெயோர்க், திரும்பாமல். "கோடு தாண்டினப்புறம்தான் பிடிக்கலாம், தலைவரே. அதுக்கு முன்னால தொட்டா தகுதி நீக்கம்."

விளக்கு பச்சைக்கு மாறியது. நெவியோ ஆணிச்செருப்பைப் பனியில் ஊன்றி, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த தள்ளலைத் தள்ளினான்.